மகள் சுற்றுச்சூழல் படிக்கப் போகிறேன் என்கிறாள், சரியா?

மகளுக்கு ஆறு, காடு, பறவை என்றால் உயிர், அதனால் சுற்றுச்சூழல்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறாள், இதில் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். எனக்குள்ள சந்தேகம் வேறு. அதைப் படித்தவர்கள் பார்க்கும் சுற்றுச்சூழல் ஆய்வாளர் வேலை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமா?

ஒரு வட்டாரத்தில் இயங்கும் ஆலை, சுரங்கம், கட்டுமானம் எல்லாம் அனுமதியில் எழுதியிருக்கும் நிபந்தனைப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பதும், அங்குள்ள நீரும் காற்றும் மண்ணும் கெடாமல் காப்பதும்தான் வேலை. இயற்கையோடு இருக்கும் நேரம் குறைவு. பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய், புகைபோக்கி, பதிவேடு இவற்றோடுதான் பொழுது போகும்.

ஒரு சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆய்வாளர் போகிறார். தொட்டி சுத்தமாக இருக்கிறது, காற்று செலுத்தும் இயந்திரம் ஓடுகிறது, வெளியே வரும் நீரும் தெளிவு. அனுபவமில்லாதவர் அதோடு திரும்பிவிடுவார். அனுபவம் உள்ளவர், "சேறு எங்கே?" என்று கேட்பார். உயிரியல் முறையில், அதாவது நுண்ணுயிர்களை வைத்து, கழிவுநீரைச் சுத்திகரித்தால் சேறு வந்தே தீரும். எவ்வளவு வந்தது, எங்கே அனுப்பினார்கள் என்பதற்குப் பதிவு வேண்டும். அப்புறம் அந்த நிலையத்தின் மின்மீட்டரைப் பார்ப்பார். நாள் முழுக்க ஓடியதாகப் பதிவேடு சொல்லும், மீட்டர் நகர்ந்தே இருக்காது. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும் புத்திதான் இந்தத் தொழிலுக்கு முதலீடு.

மாதிரி எடுப்பதும் லேசுப்பட்டதல்ல. எண்ணெய்ப் பிசுக்கைச் சோதிக்கக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும், பிளாஸ்டிக்கில் எடுத்தால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உலோகங்களைச் சோதிக்க நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று பார்ப்பது பி.ஓ.டி. சோதனை. அதற்குரிய நீரைக் குளிரில் வைத்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சோதனையைத் தொடங்கியாக வேண்டும். 20 டிகிரியில் வைத்து முடிவு வர 5 நாள். நீரில் கரைந்த ஆக்சிஜனையும் அமிலத்தன்மையையும் அங்கேயே அளந்துவிட வேண்டும். பாட்டிலில் சீல், லேபிள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற குறிப்பு. இதில் ஒன்று விட்டுப்போனாலும், வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார், மாசு எவ்வளவு இருந்தது என்ற பேச்சே எழாது.

இவ்வளவு கறாரும் ஏன் என்று தோன்றலாம். ஜப்பானில் நரம்பைத் தாக்கும் மினமாட்டா நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஓர் ஆலை கடலில் விட்ட பாதரசம்தான் காரணம் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். இடைப்பட்ட 12 ஆண்டுகளும் மக்கள் அந்தக் கடல் மீனைத்தான் சாப்பிட்டார்கள். இன்னொன்று, ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வேகன் விவகாரம். ஆய்வுக்கூடச் சோதனையில் தேறிய டீசல் கார்களை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாலையில் ஓட்டி அளந்தபோது புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு என்ற மாசு வரம்பைத் தாண்டி எகிறியது. சோதனை நடப்பதை உணர்ந்து நல்லபிள்ளையாக நடிக்கும் மென்பொருள் காரில் இருந்ததை அந்த நிறுவனம் 2015-இல் ஒப்புக்கொண்டது. வேறு இடத்தில், வேறு விதமாக அளந்து பார்க்க ஒருவர் இருந்ததால்தான் அது வெளியே வந்தது.

சரி, படிப்புக்கு வருவோம். இளநிலையில் வேதியியல், வேதிப் பொறியியல், சிவில், நிலவியல், உயிரியல் என்று ஏதாவது ஒரு அடிப்படைத் துறையைப் பிடிக்கட்டும், முதுநிலையில் சுற்றுச்சூழலுக்குப் போகட்டும். இது என் கட்சி. முதலிலேயே சுற்றுச்சூழல் அறிவியல் எடுப்பது தவறில்லை. ஆனால் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதிலும் ஆழம் இல்லாமல் நின்றுவிடும் ஆபத்து அதில் உண்டு, பாடத்திட்டத்தில் ஆய்வுக்கூட மணி நேரம் எவ்வளவு என்று பார்த்துச் சேருங்கள். கூடவே இரண்டு விஷயம் கற்றால் மற்றவர்களை விட ஒரு படி மேலே நிற்பாள். ஒன்று சட்டம், குறிப்பாக அனுமதி ஆவணங்களைப் படிக்கும் பழக்கம். மற்றொன்று செயற்கைக்கோள் படங்களை வைத்து வேலை செய்யும் ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபட முறை. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972-இலிருந்து இருக்கின்றன, ஐரோப்பாவின் சென்டினல் படங்களைப் போலவே இவையும் இலவசம், இவற்றை வைத்து வேலை செய்யும் க்யூஜிஐஎஸ் மென்பொருளுக்கும் காசில்லை. பிரேசிலில் காடு அழிக்கப்படுவதைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்டு எச்சரிக்கும் முறை 2004 முதல் இருக்கிறது. எங்கே காடு வெட்டப்படுகிறது என்று காட்டுப் பாதையில் நடந்து தேடும் காலம் போய்விட்டது. ஆனால் படத்தில் கண்டதை நேரில் போய் உறுதிசெய்ய ஆள் வேண்டும்.

அரசு வேலை மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். ஆலைகளுக்குள்ளேயே சுற்றுச்சூழல்-பாதுகாப்புப் பிரிவு உண்டு, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடங்கள், ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று கணிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், சுற்றுச்சூழல் நிர்வாகத்துக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 14001 தணிக்கை என்று கிளைகள் பல. ஆலைக்குள் இருந்து தவறைத் தடுப்பவரும் இதே வேலையைத்தான் செய்கிறார். அவர்மேல் விழும் அழுத்தம் வெளியிலிருந்து வரும் அதிகாரிக்குக் குறைந்ததல்ல.

நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்வி, ஆபத்து. இருக்கிறது. சிபாரிசு வரும், பணம் காட்டுவார்கள், சில இடங்களில் மிரட்டலும் இடமாற்றமும் உண்டு. தனியாகப் போகாமல் இருவராகப் போவது, அங்கேயே எழுதி அங்கேயே கையெழுத்து வாங்குவது, புகைப்படத்தில் நேரமும் இடமும் பதிவது ஆகியவைதான் பாதுகாப்பு. உடலுக்கும் ஆபத்து உண்டு. கழிவுநீர்த் தொட்டிகளில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நாற்றமடிக்கும் விஷவாயு, அளவு கூடினால் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டதே என்று உள்ளே இறங்குபவர்தான் சாகிறார். விஷவாயுவை அளக்கும் வாயுமானி இல்லாமல் இறங்காதே என்பதை முதல் நாளே சொல்லித்தராத இடத்தில் அவள் பயிற்சிக்குச் சேர வேண்டாம். பெண்பிள்ளை என்ற தனிக் கவலை வேண்டாம், இந்த விதிகள் ஆணுக்கும் இதே கறாரோடுதான்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு நீர்நிலையை அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு மாதம், தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று வெப்பநிலை, அமிலத்தன்மை, நிறம், ஒரு புகைப்படம் எனப் பதியட்டும். கரையில் நின்றே செய்யலாம், உள்ளே இறங்க வேண்டியதில்லை. முதல் வாரம் எல்லாருமே செய்வார்கள். எதுவும் மாறாத மூன்றாவது வாரத்திலும் நோட்டில் தேதி விடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். விட்ட நாளை இட்டுக்கட்டி நிரப்பினாளா, காலியாக விட்டாளா என்பதையும் கவனியுங்கள். காலியாக விட்டிருந்தால் தைரியமாகச் சேர்த்துவிடலாம். அந்த நோட்டோடு, அவள் விரும்பும் பதவிக்கான பழைய ஆட்சேர்ப்பு அறிவிப்பு இரண்டு மூன்றையும் எடுத்துவையுங்கள். கல்வித் தகுதி என்ற வரியில் எந்தப் பட்டம் எழுதியிருக்கிறதோ, அதை வைத்துக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புங்கள்.