ஹனுக்கா வாழ்த்து: யாருக்கு, எப்போது, எப்படி?

தம்பி, நியூஜெர்சியில் உங்களுக்கு இது முதல் குளிர்காலம். கூட வேலை செய்யும் யூத நண்பருக்கு ஹனுக்கா வாழ்த்து அனுப்பலாமா, அது யூதர்களின் கிறிஸ்துமஸா, அல்லது நம் தீபாவளி போன்றதா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் அது இரண்டுமே அன்று.

ஹனுக்கா என்ற எபிரேயச் சொல்லுக்கு அர்ப்பணிப்பு என்று பொருள். சிரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க வழிவந்த செலூக்கிய மரபின் அரசன் நான்காம் அந்தியோக்கஸ், கி.மு. 167 வாக்கில், யூதர்களின் சமயக் கடமைகளைத் தடை செய்து, எருசலேம் ஆலயத்தில் அந்நிய தெய்வத்துக்குப் பலியிட வைத்தான். யூதா மக்கபேயும் அவருடைய சகோதரர்களும் அவனுடைய படைகளை எதிர்த்துப் போரிட்டு, கி.மு. 164 இல் ஆலயத்தைத் தூய்மை செய்து மீண்டும் வழிபாட்டுக்கு உரியதாக்கினார்கள். விளக்கேற்றத் தேடியபோது தீட்டுப்படாத எண்ணெய் ஒரு நாளுக்கு மட்டுமே கிடைத்தது என்றும், அது எட்டு நாள் எரிந்தது என்றும் யூதர்களின் சட்ட, மரபு விளக்க நூலான டால்முட் சொல்கிறது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் தங்கள் விவிலியத்தில் படிக்கும் மக்கபேயர் நூல்களில் போர் வருகிறது, எண்ணெய் அற்புதம் வருவதில்லை. எபிரேய விவிலியத்திலோ அந்த நூல்களே இல்லை.

ஒரு மாலை பக்கத்து வீட்டார் எங்களை அழைத்திருந்தார்கள். தெருவைப் பார்த்த சன்னல் திட்டில் அலுமினியத் தாள் விரித்து, அதன்மேல் ஒன்பது கிளை விளக்கை வைத்திருந்தார்கள். எட்டுக் கிளைகள் எட்டு இரவுகளுக்கு உரியவை. ஒன்பதாவதாகச் சற்று உயர்ந்து நின்ற மெழுகுவர்த்திக்கு ஷமாஷ், அதாவது பணியாள், என்று பெயர். மற்றவற்றை அதைக் கொண்டுதான் ஏற்ற வேண்டும். இரவுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டு போகும் வர்த்திகளை வலமிருந்து இடமாக நட்டுவிட்டு, அன்றைக்குப் புதிதாக வந்ததிலிருந்து இடமிருந்து வலமாக அந்த வீட்டுச் சிறுமி ஏற்றிக்கொண்டு போனாள். அந்த வெளிச்சத்தில் படிக்கவோ தைக்கவோ கூடாதாம். தெருவில் போகிறவர்கள் பார்ப்பதற்காகவே அது எரிகிறது. பிறகு எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு லாட்கே வந்தது. நம் வடைச் சட்டியின் வாசனையிலிருந்து அது வெகுதூரமில்லை என்று என் மனைவி சொன்னாள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்குவதால், ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2024 இல் டிசம்பர் 25 மாலை தொடங்கியது, 2025 இல் டிசம்பர் 14 மாலை, 2026 இல் டிசம்பர் 4 மாலை. அவர்களுக்குச் சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும். எட்டு நாட்களில் எந்த நாளிலும் வாழ்த்தலாம் என்பதால் ஒரு நாள் தவறினாலும் குடி முழுகிவிடாது. "ஹாப்பி ஹனுக்கா" என்றாலே போதும். எபிரேயத்தில் சொல்ல விரும்பினால் "ஹக் சமேயாஹ்", அதாவது மகிழ்ச்சியான திருவிழா. கிறிஸ்துமஸ் மரம் அச்சிட்ட அட்டை மட்டும் வேண்டாம். பெயரை வைத்து ஒருவர் யூதர் என்று ஊகித்தும் அனுப்பாதீர்கள்.

பலகாரம் கொடுக்க ஆசைப்பட்டால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கோஷர் என்ற யூத உணவு விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் வீட்டில், நம் அடுக்களையில் சுட்ட முறுக்கு சைவமே ஆனாலும் செல்லாது. முழுப் பழங்கள், அல்லது வட்டத்துக்குள் 'யு' எழுத்துப் போன்ற கோஷர் முத்திரை உள்ள பொட்டலங்கள் சிக்கல் தராதவை.

ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். வந்த புதிதில், ரோஷ் ஹஷானா என்ற அவர்களுடைய புத்தாண்டு நாளிலேயே குழுக் கூட்டத்தை வைத்துவிட்டு, டிசம்பரில் பெரிய ஹனுக்கா அட்டையோடு போய் நின்றேன். நண்பர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, "இது எங்களுக்குச் சின்னப் பண்டிகை, இன்றைக்கு நான் வேலைக்கு வந்திருக்கிறேன், பார்த்தீர்களா? செப்டம்பரில் அந்தக் கூட்டத்தைத் தள்ளி வைத்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்" என்றார். கிறிஸ்துமஸ் பருவத்தை ஒட்டி வருவதால்தான் ஹனுக்கா அமெரிக்காவில் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆகவே இப்போது வாழ்த்தை அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டின் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், பாஸ்கா நாட்களையும் அலுவலக நாட்காட்டியில் குறித்து வையுங்கள். யோம் கிப்பூர் அன்று மட்டும் "ஹாப்பி" என்று தொடங்கிவிடாதீர்கள். அது பாவமன்னிப்புக் கேட்டு உண்ணாநோன்பு இருக்கும் நாள்.