தூர்ந்த கிணறும் கையில் எடுத்த மண்வெட்டியும்

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டி புனிதர் திருநாளில் வலம் வந்து ஜெபித்த கிணறு, பக்கத்து வயல் கைமாறிய பின் தூர்ந்து முட்புதருக்குள் மறைந்துவிட்டது. 1840-களின் நில அளவை வரைபடத்தைக் கொண்டு அதைக் கண்டுபிடித்த அவர், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மண்ணையும் அள்ளியிருக்கிறார். புதிய உரிமையாளர் வேலிக்கதவைப் பூட்டிவிட்டதால், வழக்குத் தொடரலாமா என்பது அவருடைய கேள்வி.

உரிமையாளர் பேசிய கடுஞ்சொற்களும் உங்கள் பாட்டியின் பக்தியும் நீதிமன்றத்துக்கு வேண்டாதவை. வயல் வழியாகக் கிணற்றுக்குச் செல்லும் வழியை முந்தைய உரிமையாளர் எவரேனும் பொதுமக்களுக்கென்றே விட்டுக்கொடுத்தாரா என்பது மட்டுமே கேள்வி. ஸ்லைகோ மாவட்டத்து லிஸ்ஸடெல் மாளிகை வழக்கில், மக்கள் நெடுங்காலம் நடந்துவந்தது மட்டுமே பொதுவழி உரிமையாகிவிடாது என்று அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறிவிட்டது. பழைய உரிமையாளர் திருநாள்தோறும் கதவைத் திறந்துவைத்து, வந்தவர்களுக்குத் தேநீரும் கொடுத்தார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. அவர் விருந்தோம்பினாரே தவிர வழியைத் தானம் செய்யவில்லை.

எனக்குக் கவலை தருவது வழக்கு அன்று, உங்கள் மண்வெட்டி. அந்தக் கிணறு தொல்சின்னப் பதிவேட்டில் இருந்தால், அங்கே எந்தப் பணி செய்வதற்கும் இரண்டு மாதங்களுக்கு முன்பே அமைச்சருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்த கட்டுப்பாடு. நில உரிமையாளரே ஆனாலும் இதற்கு விலக்கில்லை. அதன் இடத்துக்கு வரும் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் பகுதி பகுதியாகவே நடைமுறைக்கு வந்துகொண்டிருப்பதால், இன்று எது பொருந்தும் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். துப்புரவுதானே செய்தோம் என்று சொன்ன கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களே பெருமையுடன் எடுத்த புகைப்படங்கள்தான் அவர்களுக்கு எதிரான சான்றாயின.

அதைவிடவும் ஆபத்தானது, சேற்றில் கிடைத்த இரண்டு நாணயங்களை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்ற உங்கள் வரி. உரிமையாளர் அறியப்படாத தொல்பொருள் அரசுடைமை; கண்டெடுத்த 96 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அவை தொல்பொருள்தானா என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள் அல்லர். கெடு தாண்டியிருந்தாலும், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் மூலம் இன்றே தேசிய அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள்.

வழக்கை விட்டுவிட்டுச் சமாதானமாகப் போங்கள். ஆண்டுக்கு ஒரு நாள், புனிதர் திருநாளில் மட்டும், அவருடைய அனுமதியின்பேரில் வந்துபோகிறோம் என்று புதிய உரிமையாளரிடம் கேளுங்கள். கடிதத்தில் உரிமை என்ற சொல்லே வர வேண்டாம். யாராவது வழுக்கி விழுந்தால் இழப்பீடு தன் தலையில் விழும் என்றுதான் பெரும்பாலான விவசாயிகள் கதவைப் பூட்டுகிறார்கள். கட்டணமின்றித் தொன்மையான இடங்களைப் பார்க்க வருவோரிடம் நில உரிமையாளருக்குள்ள கடமையை 1995-ஆம் ஆண்டுச் சட்டம் வெகுவாகக் குறைத்திருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் நாணயங்களை ஒப்படைத்த பிறகே அந்தக் கடிதம் போக வேண்டும்.