வெளி மாநில டோல் பில்: கேள்வி பதில்

அமெரிக்காவில் டோல் வசூலிக்கும் ஓர் அமைப்பின் பில்லிங் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தவள் நான். சொந்த மாநிலம் தாண்டி ஓட்டிப் போய், பணம் கட்ட ஆளே இல்லாத சாலையில் மாட்டிக்கொண்டவர்கள் கேளுங்கள். விசா, வழக்கு என்று போனால் வக்கீலிடம் அனுப்பிவிடுவேன்.

எடிசன், நியூ ஜெர்சி: அக்கா, காரில் பாஸ்டன் போய் வந்தோம். நியூ ஜெர்சி டர்ன்பைக் டோல் சாலையில் சீட்டு எடுத்துக் காசு கட்டினோம். அதற்கப்புறம் யாருமே நிறுத்தவில்லை. எங்களிடம் ஈஸிபாஸ் (டோலைத் தானாகக் கழிக்கும், கண்ணாடியில் ஒட்டும் கருவி) கிடையாது. ஏதாவது வருமா?

வரும், இரண்டு வரும். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் 2022 ஜூலையோடு காசு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். நியூயார்க் பக்கம் போகும்போது மட்டும்தான் அங்கே டோல், திரும்பி வரும்போது இல்லை. கனெடிகட்டில் டோலே கிடையாது. அதைத் தாண்டி மாசசூசெட்ஸ் டர்ன்பைக்கில் ஏறியிருப்பீர்கள். அங்கே 2016 அக்டோபரிலேயே சாவடிகளை எடுத்துவிட்டார்கள். சாலைக்கு மேலே இரும்பு வளைவில் கேமரா இருக்கும், அது உங்கள் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்திருக்கும்.

இரண்டும் வேறு வேறு அமைப்புகள். ஒன்றுக்குக் கட்டினால் மற்றதற்குக் கட்டியதாக ஆகாது. பில், வண்டிப் பதிவில் என்ன முகவரி இருக்கிறதோ அங்கேதான் போகும். வீடு மாறினீர்களா? வண்டிப் பதிவு அலுவலகமான டிஎம்வியில் முகவரியை மாற்றினீர்களா? என்னிடம் அழுத அழைப்புகளில் பெரும்பாதி இந்த ஒரு காரணத்தால்தான். முதல் பில் பழைய அபார்ட்மென்ட்டுக்குப் போயிருக்கும், இரண்டாவதும் அங்கேயே போயிருக்கும், அபராதம் ஏறிய மூன்றாவது எப்படியோ கைக்கு வந்திருக்கும். தபாலுக்குக் காத்திருக்காமல் ஒவ்வோர் அமைப்பின் தளத்திலும் போய் பிளேட் எண்ணைப் போட்டுப் பாருங்கள். டோலாக இருக்கும்போதே கட்டிவிட்டால் சில டாலரோடு போகும்.

சார்லட், வட கரோலினா: டோல் பாக்கி 6.99 டாலர், இன்று இரவுக்குள் கட்டாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. சின்னத் தொகைதானே, கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். மோசடி. அவர்களுக்கு வேண்டியது உங்கள் 7 டாலர் இல்லை, கார்டு எண். இதைப் பற்றி எஃப்பிஐ 2024 ஏப்ரலிலேயே எச்சரித்தது. லிங்க்கைத் தொடாமல், மோசடிச் செய்திகளைப் புகார் செய்யும் 7726 எண்ணுக்கு அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பிவிட்டு அழியுங்கள். பாக்கி உண்டா என்று சந்தேகமாக இருந்தால் தளத்தின் முகவரியை நீங்களே தட்டிப் போய்ப் பாருங்கள்.

டாலஸ்: காரில் ஒட்டியிருக்கும் எங்கள் டெக்ஸஸ் டோல் டேக் ஃப்ளோரிடாவில் வேலை செய்யுமா?

டேக்கைப் பொறுத்தது, கிளம்புவதற்கு முன்னால் உங்கள் டேக் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். ஓக்லஹோமா, கான்சஸ் பக்கம் செல்லும். ஃப்ளோரிடாவில் செல்லாவிட்டால் சன்பாஸ் ப்ரோ டேக் வாங்குங்கள், அது ஈஸிபாஸ் மாநிலங்களிலும் ஓடும்.

அதே டாலஸ்: இந்தியாவில் ஒரே ஃபாஸ்டேக் நாடு முழுக்க ஓடுகிறது. இங்கே ஏன் முடியவில்லை?

2012-ல் சட்டமே போட்டார்கள். 2016 அக்டோபருக்குள் நாடு முழுக்க ஒத்துப்போக வேண்டும் என்றார்கள். நடக்கவில்லை. இந்தியா தாமதமாகத் தொடங்கியதால் எல்லோருக்கும் ஒரே ரேடியோ முறையை வைத்துவிட்டது. இங்கே ஈஸிபாஸ் 1993-லேயே ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒரு கருவி, ஒரு கணினி, ஒரு ஒப்பந்தம் என்று வேரூன்றிவிட்டது.

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா: இவ்வளவு பயமுறுத்த வேண்டாம் மேடம். வெளி மாநில பில்லை நான் குப்பையில்தான் போடுகிறேன். நியூயார்க்காரன் கலிஃபோர்னியா வண்டிப் பதிவை என்ன செய்துவிட முடியும்?

பாதி சரி. பெரும்பாலான மாநிலங்களால் உங்கள் பதிவை நேரடியாகத் தொட முடியாது. மாநிலங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருந்தால்தான் முடியும். மெய்ன், நியூ ஹாம்ஷயர், மாசசூசெட்ஸ் மூன்றுக்கும் அப்படி ஒன்று உண்டு.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். நியூயார்க் த்ரூவே டோல் சாலையில் பல கேமரா வளைவுகளைக் கடப்பீர்கள். முதல் பில்லைத் தவறவிட்டால் 5 டாலர் தாமதக் கட்டணம். அதற்கப்புறமும் கட்டாவிட்டால் ஒவ்வொரு டோலுக்கும் 50 டாலர் வரை ஏறலாம். பிறகு கடன் வசூல் நிறுவனத்துக்குப் போகும். தொடர்ந்து ஏமாற்றும் வண்டிகளை நியூயார்க் பாலங்களின் வாயிலில் போலீஸே நிறுத்தி இழுத்துப் போவதும் உண்டு.

சான் ஹோசே: ஃப்ரீமாண்ட் நண்பர் சொல்வது சரிதான் அக்கா. நானும் கட்டவில்லை, ஒன்றும் ஆகவில்லை. டோல் பாக்கி கிரெடிட் ஸ்கோரிலும் வராது என்கிறார்களே?

ஒப்பந்தத்தில் பிறக்காத அபராதம் போன்ற கடன்களை மூன்று கிரெடிட் நிறுவனங்களும் சில ஆண்டுகளாகச் சேர்ப்பதில்லை. அதைத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் ஈஸிபாஸ் கணக்கு வைத்திருந்து அதில் பாக்கி விழுந்தால், நீங்கள் ஒப்புக்கொண்டு திறந்த கணக்கு அது. அந்த விதியை நம்பி உட்கார முடியாது.

ஃப்ரீமாண்ட்: ஆக, கணக்கே இல்லாதவன் தப்பித்துவிடுவான். நான் சொன்னதும் அதைத்தானே?

நம் ஆட்கள் எங்கே ஒரே மாநிலத்தில் இருக்கிறார்கள் தம்பி? இன்று ஃப்ரீமாண்ட், அடுத்த வேலை நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில். பாக்கி வைத்த மாநிலத்துக்கே வண்டியோடு குடிபோனால் அதுவரை எட்டாத கை எட்டும். டெக்ஸஸில் ஓர் ஆண்டில் 100 டோலோ அதற்கு மேலோ பாக்கி வைத்தால் பதிவைப் புதுப்பிக்கவே விடாமல் தடுக்கலாம். பென்சில்வேனியா அந்த வரம்பை 2022 சட்டத்தில் 4 டோல் அல்லது 250 டாலர் என்று இறக்கிவிட்டது. அதிர்ஷ்டம் உங்கள் பக்கம் இருக்கலாம், அதை மற்றவர்களுக்கு ஆலோசனையாகத் தராதீர்கள். இதோடு இந்த விவாதத்தை முடித்துக்கொள்வோம்.

டாம்பா: அபராதம் சேர்ந்துவிட்டது. குறைக்க வழி உண்டா?

போன் செய்யுங்கள். "டோலை இப்போதே முழுசாகக் கட்டுகிறேன், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்று கேளுங்கள். முதல் தடவை என்றால் இறங்கிவரும் அமைப்புகள் பல உண்டு. முகவரி மாறிய கதை உண்மையானால் அதற்கான ஆதாரத்தையும் அனுப்புங்கள். கத்தினால் வேலை நடக்காது, எதிரில் இருப்பவளுக்கும் சம்பளம் குறைவு. வசூல் நிறுவனத்துக்குப் போவதற்கு முன்னால் இது எளிது.

ஆர்லாண்டோவிலிருந்து திரும்பியவர்: மாமனார், மாமியாரோடு வாடகைக் காரில் சுற்றினோம். டோல் சில டாலர்தான், கார்டில் அதைவிடப் பெரிய தொகை பிடித்திருக்கிறார்கள்!

அது வாடகை நிறுவனத்தின் டோல் சேவைக்கான தினக் கட்டணம். பல நிறுவனங்களில் ஒரே ஒரு டோல் சாலையில் ஏறினாலும் அது தொடங்கிவிடும். சிலவற்றில் டோலே இல்லாத நாளுக்கும் பிடிப்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் திரும்பி வாங்குவது கஷ்டம்.

அடுத்த முறை, அந்த ஊரில் செல்லும் உங்கள் சொந்த டேக் கணக்கில் வாடகைக் கார் பிளேட்டைச் சேருங்கள், எடுக்கும் நேரமும் விடும் நேரமும் போட்டு. காருக்குள் நிறுவனத்தின் டேக் பெட்டி இருந்தால் அது மூடியிருக்கிறதா என்று பாருங்கள். காரை விட்ட அன்றே பிளேட்டைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். நீக்காவிட்டால் அடுத்தவர் ஊர் சுற்றும் செலவு உங்கள் தலையில்.

ராலே: அக்கா, டோல் பாக்கி என்று எஸ்எம்எஸ் வந்தது...

சார்லட்காரருக்குச் சொன்னதுதான்.

பீட்ஸ்பர்க்: ஈஸிபாஸ் இருக்கிறது, இருந்தும் வீட்டுக்கு பில் வருகிறது. அதுவும் தொகை இருமடங்கு மாதிரி.

கார்டு காலாவதியாகியிருக்கும், அல்லது டேக்கைக் கண்ணாடியில் ஒட்டாமல் டேஷ்போர்டு பெட்டியில் போட்டிருப்பீர்கள், அல்லது புது வண்டியின் பிளேட்டைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டீர்கள். பென்சில்வேனியாவில் பிளேட்டைப் பார்த்து அனுப்பும் பில், ஈஸிபாஸ் கட்டணத்தைப் போல ஏறக்குறைய இருமடங்குதான். கணக்கைச் சரிசெய்துவிட்டு, பில்லைக் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள்.

சியாட்டில்: விற்ற காருக்கு பில் வருகிறது. கலிஃபோர்னியாவில் விற்றேன்.

அங்கே பிளேட் வண்டியோடு போகும். அதனால் விற்றதும் டிஎம்விக்கு உரிமை மாற்ற அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். அந்த நகலையும் விற்ற தேதிச் சான்றையும் இணைத்து ஆட்சேபம் அனுப்புங்கள். நியூ ஜெர்சியாக இருந்தால் பிளேட்டைக் கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பெயர் வேண்டாம்: டோல் பாக்கியால் கிரீன் கார்டு பாதிக்குமா?

குடியேற்ற வக்கீல்.

ஸ்கார்பரோ, கனடா: அக்கா, எங்கள் 407 டோல் சாலையின் டிரான்ஸ்பாண்டரை (டேக்கை) வைத்து நியூயார்க் த்ரூவேயில் போகலாமா?

போகலாம், பில் வரும். 407 கருவி ஈஸிபாஸ் இல்லை. எல்லை தாண்டி அடிக்கடி போகிறவர்கள் நியூயார்க் ஈஸிபாஸ் வாங்கிவிடுங்கள், கனடாக்காரர்களுக்கும் தருகிறார்கள்.

ஹூஸ்டன்: எஸ்எம்எஸ்...

லிங்க்கைத் தொடாதீர்கள். அழியுங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

மில்வாக்கி: நேற்று சிகாகோ போனேன், டேக் இல்லை. பில் வரும்வரை காத்திருக்கவா?

வேண்டாம். இல்லினாய் டோல்வேயில் பயணம் முடிந்து 14 நாட்களுக்குள் அவர்கள் தளத்திலேயே பிளேட், தேதி போட்டுக் கட்டலாம். இன்றே செய்யுங்கள்.