முன்கதவு பூட்டியிருக்கும், பக்கக் கதவால் போங்கள்

தம்பி, கனடாவில் ரொறன்ரோ ஸ்காபரோவில் அறை வாடகை, குளிருக்கு ஏற்ற சப்பாத்து, கடைசியாகக் குடியை விடுவதற்கான ஏ.ஏ. (அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்) கூட்டம் என்று மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் யாரிடமும் கேட்கலாம். மூன்றாவதை எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு முன் ஒன்று. காலையில் எழும்பும்போது கை நடுங்குகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் நீங்களாகவே ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நாள்பட்ட குடியைத் திடீரென்று விட்டால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். 1992 இல் எங்களோடு பேஸ்மென்டில் இருந்த ஒருவர் கந்தசஷ்டியோடு விட்டுவிடுகிறேன் என்று விரதம் பிடித்தார். இரண்டாம் நாள் இரவு குளியலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தார். அம்புலன்சுக்கு அடிக்கத்தக்க ஆங்கிலம் எங்கள் ஏழு பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது. ஆகவே முதலில் முன்பதிவில்லாமல் போகக்கூடிய வோக்-இன் கிளினிக்குக்குப் போங்கள், நடுக்கம் கூடினால் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கே போங்கள். எவ்வளவு குடிக்கிறீர்களோ அவ்வளவையும் சொல்லுங்கள். டொக்டரிடம் பாதியாகக் குறைத்துச் சொல்வது எங்கள் ஆட்களின் பழக்கம். அந்தக் கணக்கை வைத்துத்தான் மருந்து தருவார்கள்.

சரி, கூட்டம். ஏ.ஏ.யின் மீட்டிங் கைட் என்ற செயலியைப் போனில் இறக்கினால், பக்கத்தில் எந்தத் தேவாலயத்தில் எந்த நேரம் என்று காட்டும். அதுவும் குழப்பமாக இருந்தால், இந்த மாகாணத்தில் குடிப்பழக்கத்துக்கு உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் தொலைபேசிச் சேவையான கனெக்ஸ்ஒன்ராறியோவுக்கு அடியுங்கள்: 1-866-531-2600. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். ஓப்பன் கூட்டம் என்று போட்டிருந்தால் யாரும் போகலாம், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டும் போகலாம். குளோஸ்ட் என்றால் குடியை விட விரும்புபவர்கள் மட்டும். உங்களுக்கு இரண்டும் சரி.

அகதி வழக்குக்கு இடைஞ்சல் வருமா என்று பயப்படுகிறீர்கள். அங்கே பதிவேடு கிடையாது, முதல் பெயர் மட்டும் சொன்னால் போதும், கட்டணமும் இல்லை. நடுவில் ஒரு கூடை சுற்றிவரும். இருந்தால் ஒரு டொலர் போடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுங்கள். பேப்பருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2018 டிசம்பரிலிருந்து குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமான குற்றம். நிரந்தர வதிவிடம் பெற்றவர்களையே நாட்டைவிட்டு அனுப்பக்கூடிய குற்றம் அது. கலியாண வீட்டில் 'இரண்டு கிளாஸ்தானே, பக்கத்துத் தெருதானே' என்று திறப்பை நீட்டுகிறவர்கள் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் சனத்தில் எனக்கு ஆறாத கோபம் இதில்தான். பிறந்தநாள், சாமத்தியவீடு, எட்டுச் செலவு, எதுவானாலும் கராஜுக்குள் ஒரு மேசையும் போத்தலும் இருக்கும். குடிக்காதவனைக் கையைப் பிடித்து இழுப்பார்கள். அவன் விழுந்த பிறகு 'அவன் பெருங்குடிகாரன், வீட்டுக்குள் எடுக்காதே' என்று ஊர் முழுக்கப் போன் போகும். போதாததற்கு 2024 செப்டம்பரிலிருந்து மூலைக்கடையிலும் பியர் விற்கிறார்கள். பால் வாங்கப் போகிறவன் அதைக் கடந்துதான் போகவேண்டும்.

இதனால்தான் சொல்கிறேன், தமிழ்க் கூட்டம் தேடி நாளைக் கடத்தாதீர்கள். உங்களை யாருக்கும் தெரியாத அறை ஒன்று இப்போதைக்கு உங்களுக்குப் பெரிய உதவி. ஆங்கிலம் போதாது என்று யோசிக்கவேண்டாம். எனக்கிருந்தது உணவகத்தில் கோப்பை கழுவிப் பழகிய ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத இருபது பேருக்கு முன்னால் என் பெயரைச் சொல்லி, நான் குடிநோயாளி என்றும் சொன்னேன். இந்த நாட்டில் நான் வீடு வாங்கியதைவிட அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். தேவாலயம் என்று தயங்கவும் வேண்டாம். அவர்கள் கடவுள் என்ற இடத்தில் நான் நல்லூரானை நினைத்துக்கொண்டேன். கடவுள் பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கும் ரொறன்ரோவில் கூட்டங்கள் உண்டு.

நான் முதல்நாள் போனது 1996 மாசி மாதம், வியாழக்கிழமை. பஸ்ஸால் இறங்கிப் பனிக்குள் நடந்து, தேவாலயத்தின் பெரிய முன்கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று திரும்பி வந்து அன்றிரவு முழுக்கக் குடித்தேன். பக்கத்தில் ஒரு சின்னக் கதவும், கீழே இறங்கும் படியும், அங்கே வெளிச்சமும் இருந்ததை இரண்டு கிழமை கழித்துத்தான் கண்டேன். உள்ளே மடக்குக் கதிரைகள், பெரிய கோப்பிக் கேத்தல், ஈரச் சப்பாத்து மணம். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் எனக்குக் கோப்பி வார்த்தார். மற்ற எல்லாருக்கும் கப் நிறைய வார்த்தவர் எனக்கு மட்டும் அரைவாசியோடு நிறுத்தினார். கறுப்பன் என்றுதான் குறைக்கிறார் என்று எனக்குள் சுருக்கென்றது. கப்பைத் தூக்கும்போது என் கை நடுங்கிய நடுக்கத்திலும் ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. அப்போதுதான் விளங்கியது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளுக்கு வார்த்துக்கொண்டிருந்தார்.