கோஜி வாங்கப் போகும்போது மூக்கையும் கொண்டுபோங்கள்

ஈப்போவில் ஒரு சீன மருந்துக்கடையில் 19 வருடம் சரக்கு பார்த்தவன் நான். மூட்டை வந்தால் பிரித்து, முகர்ந்து, ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்து, தரம் பிரித்து ஜாடியில் போடுவது என் வேலை. மருத்துவம் படித்தவன் இல்லை. கடையில் உட்கார்ந்திருந்த சீன வைத்தியர் சொல்லக் கேட்டதும் மூட்டை கற்றுக்கொடுத்ததும்தான் எனக்குத் தெரிந்தது. சீனர்கள் சூப்பிலும் டீயிலும் போடும் கோஜி என்ற சின்னச் சிவப்பு உலர்பழம் பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

சுமதி, கிள்ளான்: அண்ணே, எங்கள் பக்கத்துக் கடையில் இரண்டு ஜாடி இருக்கிறது. ஒன்றில் பழம் பளபளவென்று சிவப்பு. இன்னொன்றில் கொஞ்சம் மங்கல், ஆனால் விலை கூடுதல். தவுக்கே (கடை முதலாளி) மங்கலைத்தான் வாங்கச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை தங்கச்சி, நல்ல மனுஷன். காய்ந்த பழம் எதுவாக இருந்தாலும் நிறம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நம் வீட்டு மிளகாய் வற்றலைப் பாருங்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்கிறதா? கோஜியும் அப்படித்தான். ஒன்று கருஞ்சிவப்பு, ஒன்று செம்மண் நிறம், ஒன்றில் லேசான ஆரஞ்சு என்று கலந்துதான் வரும். ஜாடி முழுக்க ஒரே பிளாஸ்டிக் சிவப்பாக இருந்தால், கந்தகப் புகை போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற கந்தக உப்புக் கரைசலில் முக்கியிருப்பார்கள் என்று சந்தேகப்படலாம். 2024 செப்டம்பரில் சீன அரசுத் தொலைக்காட்சியே சிங்ஹாய், கான்சு மாநிலங்களில் சில இடங்களில் இது நடப்பதைப் படம் பிடித்துக் காட்டியது.

கடையில் நின்று பார்க்க நாலு சோதனை போதும். முதலில் மூக்கு. பையைத் திறந்து முகம் வைத்து முகருங்கள். உலர்திராட்சை மாதிரி ஒரு மந்தமான இனிப்பு வாசனை வர வேண்டும். தீக்குச்சி உரசியது போல மூக்கில் ஏறினால் வேண்டாம். அப்புறம் காம்பு இருந்த இடம். பெரும்பாலான பழங்களில் அங்கே ஒரு வெளிறிய புள்ளி இருக்கும். சாயத்தில் முக்கியதானால் அந்தப் புள்ளியும் சிவந்துவிடும். மூன்றாவது கை. ஒரு பிடி அள்ளி இறுக்கி விடுங்கள். விரலை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் வாங்கியிருக்கிறது, இல்லை பழசு. கடைசியாக நாக்கு. கடித்தால் முதலில் இனிப்பு, முடிவில் துளி கசப்பு. அந்தக் கசப்பு இயல்பானது. புளித்தாலோ நாக்கு சுரீரென்றாலோ துப்பிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கார்த்திக், சென்னை: ஆன்லைனில் "இமாலயன் கோஜி", "திபெத்தியன் கோஜி" என்று விற்கிறார்களே, அதுதான் அசலா?

பெயர்தான் இமயமலை, சரக்கு பெரும்பாலும் சமவெளியிலிருந்து. உலகச் சந்தைக்கு வரும் கோஜியில் மிகப் பெரும்பங்கு சீனாவின் வடமேற்கில் தோட்டம் போட்டு விளைவது. அதில் பேர்போனது நிங்ஷியா மாநிலம், அதிலும் ஜோங்னிங் வட்டாரம். மழை குறைவு. மஞ்சளாறு நீர் பாய்ச்சுகிறது. பகலில் வெயில் கொளுத்தும், இரவில் குளிர் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் பழத்துக்குச் சுவை கொடுக்கிறது என்பார்கள். சீன அரசின் மருந்துநூல் மருந்தாக ஏற்பது லைசியம் பார்பரம் என்ற ஒரே இனத்தின் பழத்தை மட்டும்.

சிங்ஹாயின் சைதாம் பள்ளத்தாக்குப் பழமும் நல்ல பழம்தான். கடல்மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 3,000 மீட்டர் மேலே விளைகிறது. பெரிதாக, இனிப்புத் தூக்கலாக இருக்கும். வாயில் போட்டு மெல்ல அது எனக்குப் பிடிக்கும். சூப்புக்கு நிங்ஷியா. "கோஜி" என்ற பெயரே சீனத்தில் "கௌச்சி" என்பதை மேற்கத்திய வியாபாரிகள் தேய்த்து உருட்டியதுதான். எங்கள் ஊரில் "வுல்ஃப்பெர்ரி" என்றும் கேட்பார்கள், "கேய்சீ" என்றும் கேட்பார்கள். எல்லாம் ஒன்றே.

தம்பி, பாக்கெட்டில் மலைப்படம் போட்டிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். விளைந்த மாநிலம், அறுவடை வருடம், சல்ஃபைட் (அந்தக் கந்தக உப்பு வகை) பற்றிய குறிப்பு, இந்த மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

விமலா, சிங்கப்பூர்: டப்பாவில் "280" என்று போட்டிருக்கிறது. கிராமா, விலையா, என்ன அது?

எண்ணிக்கை. 50 கிராமில் எத்தனை பழம் என்ற கணக்கு. சீனத் தர அளவில் 280-க்குள் இருந்தால் முதல் தரம், 370 வரை இரண்டாவது, 580 வரை மூன்றாவது, 900 வரை நான்காவது. எண் சிறிதானால் பழம் பெரிது என்று அர்த்தம்.

பெரிய பழம் பார்க்க அழகு, பரிசுப் பெட்டிக்கு நல்லது. அளவு கூடினால் சத்தும் கூடும் என்று இல்லை. கோழி சூப்பில் போட 370-ம் 580-ம் தாராளம். எங்கள் தவுக்கே தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது எப்போதும் 580 தான். நான் பார்ப்பது எந்தப் பறிப்பு என்பதை. ஜூன் மாதத்தில் முதல் பறிப்பு தொடங்கும். கோடைப் பழம் சதைப்பற்றாக இருக்கும். செப்டம்பர் தாண்டி வரும் இலையுதிர்காலப் பழத்தைக் கொஞ்சம் இளப்பமாகத்தான் பார்ப்பார்கள்.

மணியம், தைப்பிங்: நல்ல கோஜி தண்ணீரில் மிதக்கும், மோசமானது மூழ்கும் என்கிறார்களே?

பாதி உண்மை. நன்றாகக் காய்ந்த நிங்ஷியாப் பழம் பெரும்பாலும் மிதக்கும். சர்க்கரை அதிகமான சிங்ஹாய்ப் பழம் நல்லதாக இருந்தும் மூழ்கலாம். அதைவிடத் தண்ணீரின் நிறத்தைக் கவனியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் மெதுவாக வெளிர்மஞ்சளாக மாற வேண்டும். போட்ட உடனே ரோஸ் சிரப் மாதிரி சிவந்தால் அது சாயம்.

ரேவதி, பினாங்கு: கந்தகம் போட்டதைத் தெரியாமல் வாங்கிவிட்டேன். கழுவினால் போய்விடுமா?

வெதுவெதுப்பான நீரில் அலசி, சில நிமிடம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டினால் ஓரளவு குறையும். முழுக்கப் போகாது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அந்தப் பையைத் தூக்கிப் போடுங்கள் அக்கா. சல்ஃபைட் அவர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். நானே ஒரு தடவை கோட்டை விட்டிருக்கிறேன். சீனப் புத்தாண்டு அவசரத்தில் ஒரு வியாபாரி இறக்கிய பத்து மூட்டையை முகராமல் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மறுநாள் பிரித்ததும் கடையே தீப்பெட்டித் தொழிற்சாலை மாதிரி நாறியது. தவுக்கே ஒரு வார்த்தை திட்டவில்லை. பத்து மூட்டையையும் என்னையே முகரச் சொன்னார்.

நல்ல பழத்தையும் சமைக்கும் முன் ஒரு அலசு அலசுங்கள். மண்ணும் தூசியும் இருக்கும். கழுவியதைத் திரும்ப ஜாடியில் போட்டுவிடாதீர்கள்.

பாலன், ஜொகூர்: கண்ணுக்கு நல்லது என்று என் சீன நண்பர் அள்ளி அள்ளித் தின்கிறார். உண்மையா, நம்பிக்கையா?

இரண்டும் கலந்தது. சீன வைத்திய முறையில் கோஜி இனிப்புச் சுவை, சம குணம். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற மருந்து என்று வகுத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் கண் கல்லீரலோடு இணைந்த உறுப்பு, அதனால் கண் மங்கலுக்குக் கோஜி. "சி ஜூ தி ஹுவாங்" என்று ஒரு பழைய மாத்திரை உண்டு. கோஜியும் சாமந்திப்பூவும் அதில் சேரும். கண் வறட்சி, மங்கல் என்று வருகிறவர்களுக்கு எங்கள் வைத்தியர் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். மருந்தாக நாளைக்கு 6 முதல் 12 கிராம் என்பது மருந்துநூல் அளவு.

ஆராய்ச்சிப் பக்கம் பார்த்தால், இந்தப் பழத்தில் ஸியாஸாந்தின் என்ற நிறமி மிக அதிகம். நம் விழித்திரையின் நடுப்பகுதியில் இருப்பதும் அதே நிறமி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2021-இல் வந்த ஆய்வில், 45 முதல் 65 வயதுள்ள 27 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவு 28 கிராம் கோஜியை வாரம் ஐந்து நாள், 90 நாளுக்குச் சாப்பிட்டது. அவர்களுக்கு அந்த நிறமி அடர்த்தி கூடியது. இந்த மாதிரி நிறமிகளை மாத்திரையாகச் சாப்பிட்ட இன்னொரு பிரிவுக்குக் கூடவில்லை. நல்ல செய்திதான். ஆனால் 27 பேர் சின்னக் கூட்டம், எல்லாரும் நோயில்லாதவர்கள். கண்புரையையோ சர்க்கரையால் வந்த கண் பாதிப்பையோ கோஜி தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண் டாக்டரிடம் போகிற வேலையை இது செய்யாது.

இன்னொன்று. அந்த நிறமி கொழுப்பில்தான் கரையும். வெந்நீரில் ஊறவைத்து நீரைக் குடித்துவிட்டுப் பழத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பழத்தை மென்று தின்னுங்கள். முட்டையோடு, கோழியோடு, சூடான பாலோடு சேர்த்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

செல்வி, ஈப்போ: எங்கள் வீட்டில் சீனச் சமையல் பழக்கமில்லை. எப்படிச் சேர்ப்பது?

சுலபம் அக்கா. கோழி சூப் வைக்கும்போது அடுப்பை அணைப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு கைப்பிடி போடுங்கள். முதலிலேயே போட்டால் கரைந்து, சூப் புளித்துப்போகும். மீன் ஆவியில் வேகவைத்தால் மேலே பத்துப் பழம், இஞ்சி. டீயாக வேண்டுமானால் காம்பு நீக்கிய சாமந்திப்பூ நாலு, கோஜி ஒரு தேக்கரண்டி, கொட்டை எடுத்த சிவப்புப் பேரீச்சை இரண்டு, வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள். சிவப்புப் பேரீச்சை என்று நாம் சொன்னாலும் அது இலந்தை இனம், பேரீச்சை இல்லை. நான் வீட்டில் பாசிப்பருப்புப் பாயசத்தில் திராட்சைக்குப் பதில் போடுகிறேன். நெய்யில் வறுக்காதீர்கள். நொடியில் கருகிக் கசக்கும்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஆண்களுக்கு "அந்த" விஷயத்தில் உதவும் என்று…

கேட்பீர்கள் என்று தெரியும். "வீட்டை விட்டு ஆயிரம் மைல் போகிறவன் கோஜி தின்னாதே" என்ற பொருளில் ஒரு பழைய சீனச் சொல் உண்டு. சுமார் 1,500 வருடத்துக்கு முன் வாழ்ந்த மருத்துவர் தாவ் ஹோங்ஜிங் அதைக் குறித்து வைத்திருக்கிறார். சிறுநீரக பலத்துக்கு என்று ஐந்து விதைகள் சேர்த்த மாத்திரையிலும் கோஜி வருகிறது. பாரம்பரியம் அவ்வளவு சொல்கிறது. மனிதரில் உறுதியாக நிரூபித்ததாக நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தீர்களா? பல நேரம் காரணம் அங்கேதான் இருக்கிறது. 2017-இல் சீனாவின் ஒரு ராக் குழு டிரம்மர் கையில் தெர்மாஸ் பிடித்து நின்ற படம் பரவி, "தெர்மாஸில் கோஜி" என்பதே நடுவயதைக் கிண்டல் செய்யும் சொல்லாகிவிட்டது. அதனால் கவனமாகக் குடியுங்கள், யாராவது பார்த்துவிடப் போகிறார்கள்.

ஜெயந்தி, சிரம்பான்: என் அப்பா இதய ஆபரேஷன் ஆகி வார்ஃபரின் சாப்பிடுகிறார். தினமும் கோஜி டீ கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் தங்கச்சி. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினின் வேகத்தைக் கோஜி கூட்டிவிடும். 2001-இல் பதிவான ஒரு சம்பவத்தில் 61 வயதுச் சீனப் பெண்மணி கெட்டியான கோஜி டீ குடித்துவந்தார், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அவருடைய ஐஎன்ஆர் அளவு ஏறிவிட்டது. டீயை நிறுத்தியதும் இறங்கியது. அதற்குப் பிறகும் இதே மாதிரி சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அப்பாவின் டாக்டரிடம் சொல்லாமல் ஒரு கரண்டி கூட வேண்டாம்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், இவர்களும் மருந்தளவில் தினமும் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கோஜி தக்காளி, கத்திரி, மணத்தக்காளிக் குடும்பம். தக்காளி ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு பழத்தில் தொடங்குங்கள். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது சீன வைத்தியர்களே நிறுத்தச் சொல்வார்கள்.

அருண், கோலாலம்பூர்: கறுப்பு கோஜி பத்து மடங்கு சத்து என்று விலையும் பத்து மடங்கு. வாங்கலாமா?

அது வேறு இனம், லைசியம் ருதெனிகம். நாவல் பழத்துக்கு நிறம் கொடுக்கும் ஆந்தோசயனின் இதில் நிறைய. ஆனால் கண்ணுக்குச் சொன்ன ஸியாஸாந்தின் சிவப்பில்தான் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. தண்ணீரின் தன்மையைப் பொறுத்து நீலமாகவோ ஊதாவாகவோ சாயம் விடும். எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பாகும். கொதிநீரில் போடாதீர்கள், நிறம் கெடும். நைட்ரேரியா என்ற வேறு புதர்ப்பழத்தை இதன் பெயரில் தள்ளிவிடுவதும் உண்டு. பத்து மடங்கு விலைக்கு நான் வாங்க மாட்டேன். அந்தக் காசுக்கு நாவல் பழமும் முருங்கைக்கீரையும் வாங்குவேன்.

தேவி, சிங்கப்பூர்: வாங்கி இரண்டு மாதத்தில் கறுத்து ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்ய?

நம் ஊர் ஈரம். கோஜியில் சர்க்கரை அதிகம், காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். தரமான பழத்தில் ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் சமையலறையில் அது நிற்காது. காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரக் கரண்டி விடாதீர்கள். கறுத்தது எல்லாம் கெட்டது இல்லை, நிறம் போனது மட்டும். பூசணமும் புளித்த வாடையும் வந்தால் கொட்டிவிடுங்கள். கிலோக்கணக்கில் வாங்காமல் 200 கிராம் வாங்குங்கள்.

ராஜம்மா, ஈப்போ: காலைப் பசாரில் முள் தண்டோடு "கௌச்சி கீரை" என்று விற்கிறார்களே, அதுவும் இதுதானா?

ஆமாம் அம்மா, அதே குடும்பத்துச் செடியின் இலை. காண்டனீஸ்காரர்கள் பன்றி ஈரலோடு சூப் வைப்பார்கள், வேண்டாதவர்கள் முட்டை உடைத்து ஊற்றுவார்கள். லேசாகக் கசக்கும், நம் மணத்தக்காளிக் கீரை தின்ற நாக்குக்குப் புதிதில்லை. தண்டைப் பிடித்து இலையை உருவும்போது முள் குத்தும், பார்த்து. உருவிய தண்டை எறிந்துவிடாமல் தொட்டியில் குத்திவையுங்கள், சில வாரத்தில் துளிர்க்கும். நம் ஈரத்தில் பழம் எதிர்பார்க்காதீர்கள். கீரைக்குப் பஞ்சமிருக்காது.