சர்வேயர் படிப்புக்கும் மாட்டு ஏலத்துக்கும் என்ன சம்பந்தம்?

வணக்கம் ஐயா,

மகளுக்கு இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் வேளாண் பல்கலைக்கழகத்தில் சர்வேயர் படிப்புக்கு இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். அங்குள்ள கம்பெனிகளின் பெயர்ப்பலகையில் 'சர்வேயர், ஏலக்காரர்' என்று சேர்த்துப் போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே பல ஊர்களில் இரண்டு வேலையையும் ஒரே ஆள்தான் பார்த்து வந்தார்.

அது எப்படி வந்தது என்று பாருங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தானியமாகவே அளக்கும் வழக்கத்தை 1836இல் ஒரு சட்டம் பணமாக மாற்றியது. அதற்காக வயல் வயலாக அளந்து, எண் போட்டு, சொந்தக்காரர் யார், குத்தகைக்காரர் யார், உழவு நிலமா மேய்ச்சலா என்று எழுத வேண்டியிருந்தது. 66 அடிச் சங்கிலியும் கையுமாகச் சர்வேயர்கள் சேற்றில் இறங்கினார்கள். சங்கிலிக்கு 100 லிங்க், அதாவது கண்ணி. 1,000 சதுர லிங்க் சேர்ந்தால் நீங்கள் பத்திரத்தில் பார்க்கும் ஒரு சென்ட். அப்புறம் ரயில் வந்தது. பாதைக்குப் போகும் நிலத்துக்கு நஷ்டஈடு எவ்வளவு என்று சொல்லவும் சர்வேயரைத்தான் கூப்பிட்டார்கள்.

இப்படி ஒவ்வொரு பண்ணையின் வரவு செலவும் அவருக்கு அத்துப்படி. குத்தகைக்காரர் பண்ணையைக் காலி செய்யும்போது மாடு, ஆடு, கலப்பை எல்லாவற்றையும் விற்றாக வேண்டும். விலை தெரிந்த ஆள் அவர்தானே? வண்டி மேல் ஏறி நின்று ஏலம் விட்டார். ஒவ்வொரு ஏலத்துக்கும் இருந்த வரியை 1845இல் எடுத்துவிட்டு, வருடத்துக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம் என்று வைத்ததும் தொழில் சூடுபிடித்தது. சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்பே, 1810இல், வட இங்கிலாந்தில் டார்லிங்டன் பக்கம் கெட்டன் என்ற ஊரில் 'காமெட்' என்ற ஒரே காளை 1,000 கினிக்குப் போயிருக்கிறது. கினி என்றால் 21 ஷில்லிங்; பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆக 1,050 பவுண்டு ஆகிறது.

அப்போது இதற்குக் கல்லூரிப் பட்டம் கேட்கவில்லை. பையனை ஒரு சர்வேயர் அலுவலகத்தில் மாணவனாகச் சேர்த்துவிடுவார்கள்; பணம் கட்டுவது அப்பாதான். (அது மட்டும் மாறவே இல்லை!) 1868இல் லண்டனில் சர்வேயர்கள் சங்கம் வைத்தார்கள், 1881இல் அரச சாசனம் கிடைத்தது. இன்று ஆர்.ஐ.சி.எஸ். (ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சார்ட்டர்ட் சர்வேயர்ஸ்) என்பது அதன் வழி வந்ததுதான்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. வெறும் பட்டம் பாதிக் கிணறுதான். அதற்குப் பிறகு ஒரு கம்பெனியில் ஓரிரு வருடம் பயிற்சி எடுத்து, ஆர்.ஐ.சி.எஸ். நேர்காணலில் தேற வேண்டும். கிராமத்துக் கம்பெனிகள் பலவும் சின்னவை. வெளிநாட்டவருக்கு விசா ஸ்பான்சர் செய்யும் உரிமம் எல்லாரிடமும் இருக்காது. கடைசி இரண்டு வருடங்களில் வெளிநாட்டு மாணவர்கள் எந்தக் கம்பெனிகளில் சேர்ந்தார்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணம் கட்டும் முன் என்னிடம் வாருங்கள்.

அதுவரை மகளைக் கார் ஓட்டப் பழகச் சொல்லுங்கள். பண்ணை வாசலுக்கெல்லாம் அங்கே பஸ் வராது.