ஆகஸ்ட்டில் வராதீர்கள், தம்பி

செப்டம்பரில் ஸ்பெயினின் வலென்சியாவில் வேலை, ஆகஸ்ட் முதல் வாரமே மனைவியையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்து செட்டில் ஆகிவிடலாமா, ஸ்பானிஷ் தெரியாமல் சமாளிக்கலாமா, நம்ம ஊர் லைசென்ஸ் போதுமா, சாப்பாடு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் கேள்விக்குத்தான் பதில் அவசரம்: டிக்கெட் போடுமுன் யோசியுங்கள்.

ஆகஸ்ட்டில் இந்த ஊர் கடையைக் கட்டிவிடும். எங்கள் தெருவில் கண்ணாடிக்கடை, சாவி போடுபவர், வீட்டுத் தரகர் எல்லாரும் ஷட்டரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள், செப்டம்பரில் பார்க்கலாம் என்று. அரசு அலுவலகம் திறந்திருக்கும், ஆனால் பாதி நாற்காலி காலி. நீங்களோ வந்து ஒரு மாதத்துக்குள் 'தியே' என்ற குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கைரேகை கொடுக்கப் போக முன்பதிவு வேண்டும். இந்த முன்பதிவுக்குப் பெயர் 'சீத்தா பிரேவியா'. அனுமன் சீதையைத் தேடின மாதிரிதான் நீங்களும் தேடுவீர்கள், அவருக்காவது தாண்டக் கடல் இருந்தது, நமக்கு 'இப்போது இடம் இல்லை' என்ற ஒரு வரி மட்டும். நான் பத்து நாள் காலையில் காபி போடுவதற்கு முன்பே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தேன்.

இடம் கிடைத்த பிறகும் ஒரு சுற்று இருக்கிறது. அட்டைக்கு 'பத்ரோன்' கேட்பார்கள், அதாவது இந்த முகவரியில்தான் இருக்கிறேன் என்ற நகராட்சிப் பதிவு. பத்ரோனுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு கேட்பார், நீங்களோ இன்னும் முதல் சம்பளமே வாங்கியிருக்க மாட்டீர்கள். அதனால் வேலை தரும் கம்பெனியிடம் ஒப்பந்தத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 790-012 என்று ஒரு கட்டணப் படிவம், அதை வங்கியில் கட்ட வேண்டும். நான் போன கிளையில் காலை 11 மணிக்கு மேல் வாங்க மாட்டோம் என்றார்கள், அதுவும் சில கிழமைகளில்தான். நான் போனது 11.05.

ஆனால் இதையெல்லாம்விட என்னைப் படுத்தியது என் பெயர்தான். இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. நமக்கு ஒன்றுகூடக் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது, அதனால் ஊர் முழுக்க நான் என் அப்பாவாகத்தான் உலவுகிறேன். முதல் தடவை டாக்டரைப் பார்க்கப் போனபோது அப்பா பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார்கள், நானும் யாரோ என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் முறை போயே போய்விட்டது. மனைவி பெயருக்குப் பின்னால் மாமனார் பெயர், பையனுக்குப் பின்னால் என் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்! பள்ளியில் சேர்க்கப் போனால் அந்த அம்மா படிவத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'இந்தக் குழந்தைக்கு நீங்கள் யார்?' என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

லைசென்ஸ்: முதல் ஆறு மாதம்தான், அதற்குப் பிறகு செல்லாது. மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் இந்தியாவோடு இல்லை, எழுத்துத் தேர்விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முப்பது கேள்வி, மூன்று தப்பு வரை மன்னிப்பு. அண்ணா சாலையில் பன்னிரண்டு வருடம் ஓட்டியவன் நான், முதல் தடவை ஐந்து தப்பு. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், அது ஒரு ஆறுதல். மற்றபடி ஸ்பானிஷ் இல்லாமல் ஆபீஸில் சமாளிக்கலாம், பிளம்பரிடம் முடியாது. அதைக் கற்றுக்கொண்டு நிமிர்ந்தால் பள்ளியிலிருந்து வலென்சியன் மொழியில் கடிதம் வரும். குழந்தைக்கு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கவலை வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. இது நெல் விளையும் ஊர், அல்புஃபேரா ஏரியைச் சுற்றி வயல்தான். இந்தக் குட்டை அரிசியில் இட்லி நன்றாகவே வருகிறது. உளுந்துக்கும் கறிவேப்பிலைக்கும் ருசாஃபா பக்கம் பாகிஸ்தானியர் கடைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அலுமினியக் குக்கரைச் சுமந்து வராதீர்கள், நிறைய வீடுகளில் இண்டக்ஷன் அடுப்பு, அதில் சூடே ஏறாது. என் குக்கர் இப்போது பால்கனியில் துளசி வளர்க்கிறது.

கரண்டு கதை தனி. சின்ன வீடுகளில் பெரும்பாலும் 3.45 கிலோவாட்தான் ஒப்பந்தம், வெந்நீர்த் தொட்டியும் ஓவனும் ஏசியும் சேர்ந்து ஓடினால் வீடே இருட்டு. நள்ளிரவு முதல் காலை எட்டு வரை கட்டணம் குறைவு என்று கேள்விப்பட்டு, கிரைண்டர் எவ்வளவு தின்னும் என்று கணக்கே போடாமல் ராத்திரி பன்னிரண்டரைக்கு மாவு அரைத்தேன். கீழ்வீட்டுப் பாட்டி நைட் கவுனோடு மேலே வந்து, வாஷிங் மெஷினா, இயந்திரத் தொழிற்சாலையா என்று கேட்டார். சனி, ஞாயிறு முழு நாளும் அதே குறைந்த கட்டணம்தான் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். இப்போது சனிக்கிழமை மதியம் அரைக்கிறேன், அது அவர் தூங்கும் நேரம், அதற்கும் பேச்சு வாங்குகிறேன்.

இன்னொன்று, கொஞ்சம் வயிற்றெரிச்சல். குடியுரிமைக்கு நமக்குப் பத்து வருடம் வசிக்க வேண்டும், தென் அமெரிக்கர்களுக்கு இரண்டே வருடம். எனக்குப் பின்னால் வந்த பெரு நாட்டு நண்பர் எப்போதோ விண்ணப்பித்துவிட்டார். சட்டம் அப்படி, அவர் மேல் கோபமில்லை. மார்ச்சில் ஃபாயாஸ் திருவிழாவில் மதியம் இரண்டு மணிக்குப் பட்டாசு வெடிக்கும்போது அந்த மருந்து வாசனைக்குத் தீபாவளி காலையாகிவிடுகிறது, அதில் இந்த எரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டிலும் செல்லும் என்று நம் அரசு தரும் முத்திரை, வாங்க இப்போதே கொடுங்கள், பிறகு ஸ்பானிஷில் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம்தான் மொழிபெயர்க்க வேண்டும், நமக்குத் தெரிந்தவர் செய்து கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். கொடுப்பதற்கு முன் உங்கள் இனிஷியலும் மனைவியின் பெயரும் எல்லாச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இல்லையென்றால் ஊரில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.